18 வருஷமாக நிறையாத செப்டிக் டேங்க்: மலை ஊரில் கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது?

குன்னூரில் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்: “டேங்க் கட்டி 18 வருஷம் ஆச்சு தம்பி. இதுவரைக்கும் ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு நல்லா கட்டியிருக்கோம்.” பக்கத்தில் நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு குடும்பம் 18 வருடம் பயன்படுத்தியும் நிறையாத தொட்டி என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அவர் வீடு சரிவில் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று வீடுகள், அதற்கும் கீழே ஓர் ஓடை.

செப்டிக் டேங்க் பற்றி இப்படி ஒரு நம்பிக்கை என்றால், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பற்றி வேறொரு பயம். எந்த ஊரில் அந்தப் பேச்சு எடுத்தாலும் “கெமிக்கல் கொட்டுவாங்க”, “ஊரே நாறிப்போகும்” என்பார்கள். நான் கடலூர் பக்கம் ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே என் கையில் இருந்த முக்கியமான பொருள் ரசாயனம் கிடையாது, காற்று. நாங்கள் செய்தது கிட்டத்தட்ட மாடு வளர்ப்பது மாதிரியான வேலை. மாட்டுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள், அவ்வளவுதான். அதைப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கழிவுநீரில் என்ன இருக்கிறது?

ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் ஏறத்தாழ 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் அந்தத் துளியூண்டுதான் எல்லாப் பிரச்சினையும்.

அரிசி களைந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துப் பாருங்கள். உமியும் தூசியும் மேலே மிதக்கும். கொஞ்ச நேரத்தில் குறுநொய்யும் மாவும் அடியில் படியும். ஆனால் நடுவில் இருக்கும் தண்ணீர் எத்தனை மணி நேரம் வைத்தாலும் வெள்ளையாகக் கலங்கியே இருக்கும். வடிகட்டியில் ஊற்றினாலும் அந்தக் கலங்கல் போகாது. ஒரு நாள் அப்படியே விட்டால் புளித்து நாற்றமடிக்கும்.

கழிவுநீரும் இப்படித்தான். மிதப்பது ஒரு பங்கு, படிவது ஒரு பங்கு, கரைந்தும் கலங்கியும் நிற்பது ஒரு பங்கு. முதல் இரண்டையும் நிதானமாக நிற்கவைத்தே பிரித்துவிடலாம். மூன்றாவதுதான் கடினம். இவை போக, கண்ணுக்குத் தெரியாமல் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கின்றன. அதனால் ‘தெளிந்த நீர்’ வேறு, ‘சுத்தமான நீர்’ வேறு. கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும் நீரிலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பசியை அளப்பது எப்படி?

ஓடையில் கழிவுநீர் கலந்தால் மீன் ஏன் சாகிறது? விஷம் கலந்துவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. கழிவில் இருக்கும் உணவை நுண்ணுயிர்கள் சாப்பிடுகின்றன. சாப்பிடும்போது மூச்சு விடுகின்றன. அந்த மூச்சுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மிச்சமில்லாமல் போகிறது.

ஆகவே ஒரு தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்று கேட்பதற்குப் பதிலாக, அதில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று கேட்கிறார்கள். இதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். எல்லோரும் சொல்வது பி.ஓ.டி. தண்ணீரின் பசி என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும். இந்தியாவில் இதை 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள்.

வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். நம் மலையின் குளிர்ந்த ஓடை நீர் முழுமூச்சாகப் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் சாக்கடைத் தண்ணீரின் பசி, சுமார் 30 லிட்டர் நல்ல ஓடை நீரின் மூச்சை விழுங்கிவிடும். கோடையில் குன்னூர் ஆறு மார்க்கெட் பக்கம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை மேலும் விளக்க வேண்டியதில்லை.

சுத்திகரித்து வெளியே விடும் நீருக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு உண்டு. 2017-இல் வந்த அறிவிக்கையின்படி பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு பி.ஓ.டி. 30-க்கு மேல் போகக்கூடாது. 250-ஐ 30-க்குக் கொண்டுவர வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை என்பது ஏறக்குறைய இதுதான்.

செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலை

இப்போது அண்ணன் வீட்டுத் தொட்டிக்கு வருவோம். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் கசியாத தொட்டி. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. முதல் அறை பெரிது, இரண்டாவது சிறிது. உள்ளே வரும் நீர் ஒன்று, இரண்டு நாள் அமைதியாக நிற்கும். கனமானவை அடியில் படியும். அதுதான் கசடு. எண்ணெயும் சோப்பு நுரையும் மேலே ஏடாகக் கட்டும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் அடுத்த அறைக்கும், பிறகு வெளியேயும் போகும்.

அடியில் படிந்த கசடை, காற்றே இல்லாத இடத்தில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்னும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முழுவதையும் தின்று முடிப்பதில்லை. அதனால் வருடத்துக்கு வருடம் கசடு உயரும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் நீர் நிற்க இடம் இருக்காது. வந்த வேகத்திலேயே கசடையும் அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். தொட்டி நிறைந்து வழியாததால் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. எங்கள் பக்கம் பல வீடுகளில் இன்னொன்றும் உண்டு. டேங்க் என்று சொல்வார்களே தவிர, அடியில் கான்கிரீட் இல்லாமல் வெறும் சிமெண்ட் ரிங் இறக்கிய குழியாக இருக்கும். எல்லாம் மண்ணுக்குள் போய்விடுவதால்தான் நிறைவதில்லை.

சரி, ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காக எடுத்தாலும் செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீர் சுத்தமா என்றால், இல்லை. பி.ஓ.டி. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். 250 என்று உள்ளே போனது 125-க்குக் கீழே வருவது கஷ்டம். கிருமிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மிச்ச வேலையை மண் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் டேங்குக்குப் பிறகு உறிஞ்சுகுழி வைக்கிறோம். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள மண் வழியாக நீர் மெதுவாக இறங்கும்போது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்னும். கிருமிகளும் மண்துகள்களில் சிக்கிச் சாகும்.

சமதளத்தில் இது ஓரளவு நடக்கும். சரிவில் நடப்பது என்ன? மேல் வீட்டு உறிஞ்சுகுழியில் இறங்கிய நீர் நேரே கீழே போகாது. பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடி, கீழ் வீட்டின் தாங்குசுவரில் ஈரமாக வெளிவரும். எங்கள் வீட்டுப் பின்சுவரில் எந்த வெயிலிலும் காயாத ஒரு பச்சைத் திட்டு இருந்தது. மழைநீர் ஊற்று என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். மேல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்த ஒரு மாதத்தில் அது காய்ந்துவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: செப்டிக் டேங்க் படிவதையும் மிதப்பதையும் பிடித்துவைக்கிறது. கரைந்திருக்கும் அழுக்கில் பெரும்பகுதியையும் கிருமிகளையும் அது விட்டுவிடுகிறது. அந்தப் பாக்கியை யார் முடிப்பது என்பதே அடுத்த கேள்வி.

இடையில் ஒரு வேண்டுகோள். டேங்க் நாறுகிறது என்று பாட்டில் பாட்டிலாக பினாயிலும் ஆசிட்டும் ஊற்றாதீர்கள். வேலை செய்யும் நுண்ணுயிர்கள்தான் சாகும். ‘இந்தப் பொடியைப் போட்டால் லாரியே வேண்டாம்’ என்று விற்பதையும் வாங்க வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் நம் மலத்திலேயே தினமும் இலவசமாக உள்ளே போகின்றன.

உறை மோரும் காற்றும்

கரைந்திருக்கும் அழுக்கை எப்படிப் பிடிப்பது? சல்லடையில் நிற்காது, படியவும் படியாது. அதைத் தின்னக்கூடிய உயிர்களை வளர்த்து, அழுக்கை அவற்றின் உடம்பாக மாற்றிவிட்டால்? உடம்பு கனமானது, படியும். சுத்திகரிப்பு நிலையத்தின் மூல யோசனை முழுவதும் இந்த ஒரு வரிதான். பாலில் சர்க்கரை கரைந்தால் பிரிக்க முடியாது. ஆனால் அந்தச் சர்க்கரையை எறும்பு தின்றுவிட்டால் எறும்பைப் பொறுக்கி எடுத்துவிடலாம் இல்லையா, அதுபோல.

காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள், காற்றில்லாமல் வாழ்பவற்றைவிடப் பல மடங்கு வேகமாகத் தின்னும். ஆகவே ஒரு தொட்டி கட்டி, அடியில் குழாய் பதித்து, ப்ளோயர் என்கிற காற்றூதியால் சிறுசிறு குமிழிகளாகக் காற்றை விடுகிறார்கள். இதைக் காற்றூட்டத் தொட்டி என்பார்கள். தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டும் நீளத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், கீழிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ அந்தக் காட்சிதான். இலைக்குப் பதில் பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும்.

ஆனால் காற்று மட்டும் ஊதினால் வாரக்கணக்கில் ஆகும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கண்டுபிடித்ததுதான் திருப்புமுனை. கழிவுநீரில் காற்றை ஊதி முடித்ததும் அடியில் படிந்த சேற்றை அவர்கள் கொட்டிவிடவில்லை. அதை வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்றை ஊதினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது.

இதை நம் வீட்டில் எல்லோரும் செய்கிறோம். நேற்றுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்துவைத்து இன்றையப் பாலில் உறை ஊற்றுகிறோம். அந்தக் கரண்டியில் இருப்பது ஏற்கெனவே வளர்ந்து பழகிய கூட்டம். பாலைப் பார்த்ததும் வேலையை ஆரம்பித்துவிடும். ஆர்டெர்னும் லாக்கெட்டும் வைத்துக்கொண்ட சேறு இதே உறை மோர்தான். உயிருள்ள சேறு என்பதால் அதை ஊக்குவித்த கசடு என்கிறார்கள்.

நிலையத்தில் இது ஒரு சுற்றாக நடக்கும். முதலில் கம்பிச் சல்லடை பிளாஸ்டிக்கையும் துணியையும் தடுக்கும். மணல் படிய ஒரு சிறு தொட்டி. அடுத்து காற்றூட்டத் தொட்டி. பெரிய நிலையங்களில் நீர் இதில் சில மணி நேரம் இருக்கும், சிறியவற்றில் பெரும்பாலும் ஒரு நாள் அளவுக்கு இருக்கும். பிறகு அசைவே இல்லாத படிவுத் தொட்டி. அங்கே தின்று கொழுத்த நுண்ணுயிர்கள் திரள்திரளாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீர் வழிந்து ஓடும். அடியில் இறங்கியதில் பெரும்பகுதியை ஒரு பம்பு மறுபடி காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்பும். உறை ஊற்றுவது அதுதான். மிஞ்சியது மட்டும் கசடாக வெளியே எடுக்கப்படும். வழிந்தோடிய தெளிந்த நீரில் இன்னும் கிருமி இருக்கும் என்பதால் கடைசியில் கொஞ்சம் குளோரின். “கெமிக்கல்” என்று சொல்கிறார்களே, பெரும்பாலான சிறிய நிலையங்களில் இருப்பது இவ்வளவுதான். அதே குளோரின் நம் குடிநீரிலும் இருக்கிறது.

நாற்றம்? இதைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நன்றாக ஓடும் காற்றூட்டத் தொட்டியின் பக்கத்தில் நின்றால் முதல் மழையில் எழும் மண் வாசனை மாதிரி ஒன்று வரும். முதல் தடவை நான் நம்பவே இல்லை. தினமும் காலையில் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் மொண்டு, அரை மணி நேரம் வைத்துப் பார்ப்போம். காபித்தூள் நிறத்தில் திரண்டு இறங்கி, மேலே தெளிவாக நின்றால் எல்லாம் நலம். ஒருநாள் ப்ளோயர் பழுதாகி, மாற்று பாகம் வர ஒரு வாரம் ஆனது. மூன்றாம் நாளே உருளையில் கறுப்பாக நின்றது. அழுகிய முட்டை நாற்றம் சுற்றுப்புற வீடுகள் வரை போனது. ஊர்க்காரர்கள் வந்து கத்தினார்கள். கத்தியது நியாயம்தான். ஆனால் நாற்றம் சுத்திகரிப்பால் வரவில்லை, சுத்திகரிப்பு நின்றதால் வந்தது.

சுருக்கமாக: அழுக்கை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகப் போட்டு, அவற்றுக்கு மூச்சுக் கொடுத்து, கொழுத்தவற்றைப் படியவிட்டு, ஒரு பகுதியை உறையாகத் திருப்பி அனுப்புகிறோம். மூச்சு நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

மாவு புளிக்காத ஊர்

சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை முதல் நாள் இரவு இட்லி மாவு ஆட்டி வைத்துவிட்டு, காலையில் பார்த்து ஏமாந்துபோனார். ஆட்டினது ஆட்டினபடி இருந்தது. மலைக்காரர்களுக்கு இது பழக்கம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்போம், அல்லது ஒரு நாள் கூடுதலாகப் பொறுப்போம்.

கழிவுநீரைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் இதே குளிர்தான். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் வேகம் ஏறத்தாழ பாதியாகும். கடலூரில் 28, 30 டிகிரியில் ஓடும் தொட்டியை அப்படியே படம் வரைந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் கட்டினால் வேலைக்கு ஆகாது. இங்கே தொட்டி பெரிதாக வேண்டும், நீர் கூடுதல் நேரம் நிற்க வேண்டும், உறைக்கசடும் அதிகம் வேண்டும். நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. மலையில் எல்லோரும் வெந்நீரில்தான் குளிக்கிறோம். அதனால் கழிவுநீர் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே வரும். தொட்டியை மண்ணுக்குள் புதைத்து மேலே மூடினால் அந்தச் சூடு வீணாகாது. கம்பளி சுற்றுவது மாதிரிதான்.

உயரத்தால் இன்னொரு சிக்கல். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. காற்றே மெல்லியது என்பதால் அதே ப்ளோயர் அதே வேகத்தில் ஊதினாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையும். கீழே ஒரு ப்ளோயர் போதுமென்றால் இங்கே அடுத்த அளவு வாங்க வேண்டும்.

எண்ணெயையும் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே வருடத்தில் பாதி நாள் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கிறது. ஓட்டல் சமையலறையிலிருந்து சூடாக ஓடும் எண்ணெயும் குழாயில் இறங்கியதும் உறைந்து சுவரில் ஒட்டும். அதன்மேல் சோறு, நார், துணி. சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேன்ஹோல் பொங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓட்டல்கள் வாசலிலேயே ஓர் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி வைத்து, வாராவாரம் அள்ளினால் பாதிச் சிக்கல் குறையும்.

கடற்கரையில் கணக்கு வேறு

எதிர்ப்பக்கமும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கடற்கரையில் வெப்பம் இலவசம். இடமும் இருந்தால் ப்ளோயரே இல்லாமல் வெறும் ஆழமற்ற குளங்களிலேயே வேலையை முடிக்கலாம். வெயிலில் பாசி வளரும், பாசி ஆக்சிஜன் விடும், அதை வைத்து நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், வெயிலே கிருமியையும் கொல்லும். நீலகிரியில் இதற்குச் சமதளமும் இல்லை, பனிமூட்டத்தில் வெயிலும் போதாது.

ஆனால் கடலோரத்துக்கென்று தொல்லைகள் உண்டு. சரிவே இல்லாததால் நீரை அடிக்கடி பம்பு செய்ய வேண்டும். நிலத்தடி நீர் சில அடியிலேயே இருக்கும், அதனால் உறிஞ்சுகுழி நேரே கிணற்றுக்கே வழி காட்டும். குழாயில் விரிசல் விழுந்தால் உப்புநீர் உள்ளே கசியும். கடல்நீரில் சல்ஃபேட் அதிகம். காற்றில்லாத குழாயில் நுண்ணுயிர்கள் அதை அழுகிய முட்டை வாயுவாக மாற்றும். அந்த வாயு குழாயின் மேல்பகுதியில் அமிலமாகி கான்கிரீட்டையே அரிக்கும். நாங்கள் மாற்றிய குழாய்களில் மேல்பாதி மட்டும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து வந்தது நினைவிருக்கிறது.

புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் குடியிருப்புக்குக் குடியிருப்பு சிறிய அமைப்புகள் வைத்திருக்கிறார்கள். தடுப்புச் சுவர்கள் வைத்த தொட்டிகள், பிறகு கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகை என்று இருக்கும். சரளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நுண்ணுயிர்கள் வாழும். வெளிவரும் நீர் தோட்டத்துக்குப் போகிறது. மின்சாரம் மிகக் குறைவு. இதை மலையிலும் செய்யலாம், குளிருக்கேற்ப இடம் கூடுதலாக விட வேண்டும், அவ்வளவுதான்.

மலைக்கு ஏன் சிறியது?

2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியின் மக்கள்தொகை 45,494. ஆளுக்கு 135 லிட்டர் என்கிற திட்ட அளவில் தண்ணீர் கிடைத்து, அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 லட்சம் லிட்டர். பெருநகரக் கணக்கில் இது சின்ன அளவு. ஆனால் குன்னூர் ஒரே பள்ளத்தில் இல்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு பக்கம் சரிவு, ஒவ்வொரு சரிவுக்கும் தனி ஓடை. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மேடு ஏற்றி இறக்க வேண்டும். பள்ளத்துக்கொரு சிறிய நிலையம் என்றால் நீர் தானாகவே இறங்கி வந்துவிடும். என் யோசனை இதுதான்: மலை ஊர்களுக்குப் பெரிய ஒன்றைவிடச் சிறிய பல நல்லது.

சிறியதற்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்கக்கூடாது. பெரிய ஊரில் ஏற்ற இறக்கம் சமமாகிவிடும். சிறிய நிலையம் ஒவ்வொரு அசைவையும் உணரும். ஏப்ரல், மே சீசனில் லாட்ஜுகள் நிரம்பியதும் தீனி திடீரென்று கூடும். வடகிழக்குப் பருவமழையில் மழைநீர் சாக்கடையில் கலந்தால் பல நாள் வளர்த்த நுண்ணுயிர்க் கூட்டமே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மழைநீருக்குத் தனி வடிகால் கட்டாயம். கூடவே, தினமும் வந்து அந்தக் கண்ணாடி உருளையைப் பார்க்கும், ஒழுங்கான சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் வேண்டும். கட்டுவதற்குப் பணம் கிடைத்து, இந்த ஒருவருக்குப் பணம் இல்லாமல் செத்துப்போன நிலையங்கள் உண்டு.

இங்கே விடுவது இங்கேயே நிற்பதும் இல்லை. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது, பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. கொடைக்கானலில் 1863-இல் உருவாக்கிய ஏரியின் வழிநீர்தான் மலைப்பாதையில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏரியில் கலந்தது அருவியிலும் இருக்கும்.

கசடு எங்கே போகிறது?

எந்த முறையானாலும் கடைசியில் கசடு மிஞ்சும். செப்டிக் டேங்கில் எடுப்பதை மலக்கசடு என்பார்கள். அதை லாரியில் எடுத்துப்போய் இரவில் ஓடையிலோ காட்டோரத்திலோ திறந்துவிட்டால், இத்தனை நாள் பிடித்துவைத்ததை ஒரே நேரத்தில் கொட்டியதாகிவிடும். இதற்கென்றே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. தமிழ்நாட்டில் மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் அப்படி ஒன்று இயங்குகிறது. கசடை உலர்த்தி, போதிய காலம் மட்கவைத்தால்தான் குடற்புழு முட்டைகள் சாகும். பச்சையாக கேரட் தோட்டத்தில் கொட்டக்கூடாது. கேரட்டை நாம் பச்சையாகவே கடித்துத் தின்கிறோம்.

ஆளை உள்ளே இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். உள்ளே இருக்கும் அழுகிய முட்டை வாயு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லையே என்று இறங்குபவர் அடுத்த மூச்சில் விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

தொட்டியில் கசடு எவ்வளவு என்று பார்க்க இறங்கவே வேண்டாம். நீளமான மூங்கில் கழியின் முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, பீடி சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல், அடிவரை இறக்கி இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். கறுப்பாக ஏறியிருக்கும் உயரம்தான் கசடு. தொட்டியின் நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இதைச் செய்தோம். கழி தட்டுவதற்குக் கான்கிரீட் அடியே இல்லை, சேற்றில் இறங்கிக்கொண்டே போனது. அவர் ரொம்ப நேரம் கழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “கீழ் வீட்டுப் பாட்டி கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கறாங்க” என்றார். புதிய தொட்டி கட்டும்வரை முதலில் இருப்பதை எடுத்தாக வேண்டும். மேல் ரோட்டில் லாரியை நிறுத்தினால் குழி 40 படி கீழே இருக்கிறது. லாரி உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் பலத்தால்தான். குன்னூர் உயரத்தில் அது கணக்குப்படியே 8 மீட்டருக்குச் சற்று மேல்தான் தூக்கும், நடைமுறையில் 5, 6 மீட்டர். 40 படி என்பது அந்த விளிம்பு. அதனால் கீழ் ரோட்டில் லாரியை நிறுத்தி, பாட்டி வீட்டு வாசல் வழியாகக் குழாயை மேலே கொண்டுவர முடிவு செய்திருக்கிறோம். பாட்டியிடம் அனுமதி கேட்க அண்ணன் தானே போகிறேன் என்றிருக்கிறார்.